பதில் சொல்லாத பெட்டி

1

இது சபையில் எழுந்து நின்று நான் சொல்லியிருக்க வேண்டிய விஷயம்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை முடிந்த பிறகு ஒரு ஞாயிறு சாட்சிக்கு ஒதுக்குவார்கள். அந்த வருடம் தமக்கு நடந்த நல்லதை ஒவ்வொருவராக எழுந்து சொல்லலாம். வயிற்றிலிருந்த கட்டி கரைந்தது, மகனுக்கு விசா வந்தது, நின்றுபோன கல்யாணம் நடந்தது. சொல்லி முடித்ததும் எல்லோரும் ஸ்தோத்திரம் என்பார்கள். நான் இதுவரை எழுந்ததில்லை. மைக் பக்கத்து வரிசைக்கு வரும்போதே பைபிளைப் புரட்ட ஆரம்பித்துவிடுவேன். அம்மா ஒவ்வொரு வருடமும் முழங்கையால் இடிப்பாள்.

"உனக்கு மட்டும் கர்த்தர் ஒண்ணுமே செய்யலையாடி?"

செய்திருக்கிறார். 2008இல், ஒரு காரின் கால்மிதிக்குக் கீழே. அதைச் சொல்லாமல் இருப்பதற்கு என் கூச்சம் ஒரு காரணம்தான். இன்னொன்று, அதில் வருகிற ஒருவர் எங்கள் சபையில் இரண்டாவது வரிசையில் உட்காருகிறார். நான் மைக்கில் சொன்னால் அவர் தலைகுனிய வேண்டியிருக்கும். அவர் தலைகுனிந்தால் இன்னொருவரின் வேலை போகலாம்.

அதனால் கதையாக எழுதுகிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன். காரின் நிறத்தையும் மாற்றிவிட்டேன். சபையையும் மாற்றியிருக்கலாம். ஆம்பூரில் சபைகளுக்குக் குறைவில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"பைபாஸ் ரோட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், ஜெமி தன் லேப்டாப்பை—"

[மழை பெய்யவில்லை. அது மே மாதம். மழை வந்தால் கதைக்கு நல்லது என்று நினைத்திருக்கிறேன்.]

இரண்டாவது:

"ஒரு காருக்குள் பல கணினிப் பெட்டிகள் உண்டு. இன்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, மீட்டருக்கு ஒன்று. அவை இரண்டு மெல்லிய கம்பிகள் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன."

[பிராக்டிகல் தேர்வில் எழுதியது போல இருக்கிறது. ஆனால் தப்பில்லை. பின்னால் தேவைப்படும், இருக்கட்டும்.]

அந்த முதல் பிரதியில் வந்த ஜெமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஜீன்ஸ் போட்டிருந்தாள். ஷெட்டுக்குள் நுழைந்தவுடன் ஆண்கள் எல்லோரையும் வாயடைக்கவைத்தாள். ஒரே பார்வையில் பழுதைக் கண்டுபிடித்தாள். எனக்கு அவளை மிகவும் பிடித்திருந்தது. ஒரு பக்கம் தாண்டுவதற்குள் அவள் மற்ற எல்லோருடைய வேலையையும் தானே செய்துவிட்டாள். இந்தக் கதையில் நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். ஜெமியை அனுப்பிவிட்டேன்.

இனி நான்தான். இயற்பியலில் பி.எஸ்சி. பேச்சு கம்மி.

3

இஷ்தியாக் அகமதுவின் ஒர்க்ஷாப் பைபாஸ் ஓரத்தில் இருக்கிறது. ஷெட் என்றுதான் சொல்வோம். புது மாடல் வண்டிகளைப் பார்ப்பதற்காக அவர் ஒரு ஸ்கேனர் வாங்கினார். காரில் செருகினால், அதன் கணினிப் பெட்டிகள் சொல்கிற குறைகளைத் திரையில் ஆங்கிலத்தில் காட்டும். அதைப் படிக்க ஒரு ஆள் வேண்டும் என்று என்னை எடுத்தார். கண்ணாடி அறையில் எனக்கு ஒரு மேஜை. பக்கத்து மேஜையில் சௌந்தர்யா, பில் போடுபவள். ஒடுகத்தூர் பக்கத்துப் பெண். பொங்கலுக்குப் பிறகுதான் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டு நிலத்தில் கடலை பயிர் போட்டிருக்கிறார்கள் என்பாள். எங்கள் ஊர் வாடை தாங்காமல், பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து திரும்ப ஏறும்வரை கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கமாட்டாள்.

அந்த மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு ஷூ கம்பெனியின் காரைச் சங்கிலி கட்டி இழுத்து வந்தார்கள். பின்னாலேயே டிரைவர் அந்தோணி அண்ணன் வந்தார். எலெக்ட்ரீஷியன் சர்தார் பாஷா பானெட்டைத் திறந்தார்.

"இன்னாண்ணா ஆச்சு?"

"சாவி போட்டா மீட்டர்ல எல்லா லைட்டும் எரியுது பாய். இன்ஜின் மட்டும் அசைய மாட்டேங்குது. ரெண்டு மூணு நாளாவே மக்கர் பண்ணிட்டு இருந்துச்சு. இன்னிக்கு சுத்தமா படுத்துடுச்சு."

"தண்ணி கிண்ணி பட்டுச்சா?"

அந்தோணி அண்ணன் சாவியைக் கையில் உருட்டினார். பிறகு சொன்னார்.

"நான்தான் பாய். சனிக்கெழம வாட்டர் சர்வீஸ் பண்ணேன். இத்தாலிலேருந்து பையர் வர்றாருன்னாங்க. பானெட்டுக்குள்ளயும் பளபளன்னு இருக்கட்டுமேன்னு பைப்ப உள்ள விட்டு அடிச்சிட்டேன்."

"இத்தாலிக்காரன் பானெட்டத் தொறந்தா பாக்கப்போறான்?" என்றார் சர்தார் பாய். "மாப்பிள பாக்க வந்தானா, செருப்பு வாங்க வந்தானா?"

யாரும் சிரிக்கவில்லை. நான் ஸ்கேனரைச் செருகினேன். மீட்டர் பதில் சொன்னது. பிரேக் பதில் சொன்னது. இரண்டும் ஒரே புகாரைத்தான் சொல்லின, இன்ஜின் பெட்டியுடன் பேச்சு இல்லை என்று. இன்ஜின் பெட்டியைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இஷ்தியாக் பாய் சென்னையில் ஒருவருக்குப் போன் போட்டார்.

"கம்யூனிகேஷன் வரலன்னா பாக்ஸ் போச்சு பாய். மாத்திடுங்க," என்று அந்தக் குரல் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

மாலையில் கம்பெனி மேனேஜர் ஜெயகரன் சார் வந்தார்.

[முதல் பிரதியில் இவருக்கு முறுக்கு மீசையும் தங்கச் செயினும் கொடுத்திருந்தேன். மீசையே கிடையாது அவருக்கு. சாதாரண மனிதர். கம்பெனியில் அவருக்கு மேலே இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அதையும் எழுதாவிட்டால் நியாயமில்லை.]

"பானெட்டுக்குள்ள தண்ணி அடிச்சியா?" என்றார் அந்தோணி அண்ணனிடம்.

"அடிச்சேன் சார்."

"புது பாக்ஸ் வெள்ளிக்கெழம சாயங்காலம் மெட்ராஸ்லேருந்து வருது. அத மாட்டி வண்டி ஓடுச்சுன்னா, பழசு தண்ணியாலதான் போச்சுன்னு அர்த்தம். அன்னியோட சாவியக் குடுத்துட்டுப் போய்டு. மேல நான் பதில் சொல்ல முடியாது."

அந்தோணி அண்ணன் தலையாட்டினார். அவர் இருப்பது கம்பெனி கொடுத்த லைன் வீட்டில். வேலை போனால் வீடும் போகும்.

4

மறுநாள் நான் அளந்தேன்.

பெட்டிகள் பேசிக்கொள்கிற இரண்டு கம்பிகளின் இரு முனைகளிலும், முனைக்கு ஒன்றாக, நூற்றிருபது ஓம் மின்தடை உண்டு. இணையாக இருப்பதால் நடுவில் அளந்தால் அறுபது வர வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வைத்தேன். அறுபது. கல்லூரியில் கரும்பலகையில் பார்த்த கணக்கு, கிரீஸ் படிந்த ஒரு காருக்குள் அப்படியே வந்து நின்றது. சந்தோஷமாக இருந்தது. கம்பிகள் நன்றாக இருக்கின்றன.

பேட்டரியை மறுபடி மாட்டி, பெட்டிக்குப் போகிற கரண்ட்டைப் பார்த்தேன். வருகிறது. திரும்பிப் போகிற வழி, அதாவது எர்த், சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். மீட்டர் பூஜ்யம் காட்டியது, அதாவது தடை இல்லை. அதுவும் நன்றாக இருக்கிறது.

அப்படியானால் மிச்சம் இருப்பது பெட்டி மட்டும்தான்.

"இன்னா பாப்பா?" என்றார் இஷ்தியாக் பாய்.

"எல்லாம் சரியா இருக்கு பாய்."

"அப்ப பாக்ஸ்தான்."

நான் மீட்டரின் கம்பிகளைச் சுருட்டினேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்தோணி அண்ணன் எழுந்து வெளியே போனார்.

[இந்த இடத்தில் பேசாத பெட்டியையும் பேசாத என்னையும் வைத்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். சௌந்தர்யாவிடம் படித்துக் காட்டினேன். "புரியுது, தெரியுது, எடுத்துடு," என்றாள். எடுத்துவிட்டேன்.]

5

வெள்ளிக்கிழமை மதியம் ஷெட் ஜும்மாவுக்காக மூடும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆண்கள் எல்லோரும் தொழுகைக்குப் போய்விடுவார்கள். வாரத்தில் அந்த நேரம்தான் சுத்தியல் சத்தம் இருக்காது. நானும் சௌந்தர்யாவும் சாப்பாட்டு டப்பாவைத் திறப்போம். அன்று அந்தோணி அண்ணனும் இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டோம், வரவில்லை. காரின் டிரைவர் சீட்டில் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலத்துக்குப் பிறகு இந்தச் சீட்டு தன்னுடையது இல்லை என்று நினைத்திருப்பார். [இது என் ஊகம். அவர் சொல்லவில்லை.]

சௌந்தர்யா ஒரு தட்டில் எலுமிச்சைச் சோறு எடுத்துக்கொண்டு காரின் மறுபக்கம் போனாள். இடது பக்கக் கதவைத் திறந்து, தட்டை நீட்டுவதற்காகத் தலையை உள்ளே விட்டாள். உடனே தலையை வெளியே இழுத்தாள்.

"ஐயே. இன்னாண்ணா வண்டிக்குள்ள? தோல் ஷாப்பு மாதிரி நாறுது."

"ஒண்ணும் நாறலியேம்மா."

"நாறலயா? இந்தா, இவளக் கேளுங்க."

நான் போய்க் குனிந்தேன். எனக்கும் ஒரு வாடையும் வரவில்லை. நான் பிறந்ததே தோல் பதனிடும் ஷாப்புக்கு இரண்டு தெரு தள்ளித்தான்.

"உனக்கு மூக்கு செத்துப்போச்சுடி," என்றாள் சௌந்தர்யா. "உனக்கு மட்டும் இல்ல, இந்த ஊருக்கே. இங்கதான் ஜாஸ்தியா வருது, கால் வெக்கிற எடத்துல."

நான் கார்பெட்டுக்கு அடியில் கையை விட்டேன். மே மாத மதியம், ஈரமாக இருந்தது. கையை வெளியே எடுத்தேன். விரலில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"அண்ணா, இங்க இன்னா வெச்சீங்க?"

அந்தோணி அண்ணன் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சாம்பிள் தோல்மா. ஈரோட்டு மண்டிலேருந்து பச்சத் தோல உப்பு போட்டுச் சாக்குல குடுப்பாங்க. நான் டிக்கிலதான் வெச்சேன். டிக்கில ஷூவோட மேல்பாகம், அப்பர் பெட்டி போவுது, கற பட்டா பையர் திருப்பி அனுப்பிடுவான், முன்னாடி கால்கிட்ட வெய்னாரு சார். அவரு பின்னாடிதானே உக்காருவாரு. முன்னாடி யாரும் வர்றதில்ல."

"எத்தன நாளா?"

"போன வருஷத்துலேருந்து."

இந்தக் காரில் இன்ஜின் பெட்டி இருப்பது பானெட்டுக்குள் இல்லை. முன் இருக்கையின் இடது பக்கம், கால் வைக்கும் இடத்தின் ஓரத்தில், ஒரு மூடிக்குப் பின்னால். அதன் எர்த் கம்பி கார்பெட்டுக்கு அடியில் ஒரு போல்ட்டில் சேர்கிறது. எனக்கு இது புதன்கிழமையே தெரியும். அந்தச் சாக்கு தெரியாது. அந்தோணி அண்ணனுக்குச் சாக்கு தெரியும், பெட்டி இருக்கும் இடம் தெரியாது. ஆளுக்குப் பாதியாக, பதிலை இரண்டு நாளாக நாங்கள் இருவரும் ஒரே கூரைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தோம்.

6

தொழுகை முடிந்து முதலில் வந்தவர் சர்தார் பாய். குல்லாயைக்கூட எடுக்கவில்லை.

"சர்தார் பாய், எர்த்துல பல்ப் போட்டுப் பாக்கலாமா?"

என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

"மீட்டர்ல நல்லா இருக்குன்னியே?"

"மீட்டர் ரொம்பக் கம்மி கரண்ட்டுதான் அனுப்பும் பாய். நூலளவு வழி இருந்தாலும் சரின்னு காட்டிடும். பல்ப் ஜாஸ்தி கரண்ட்டு கேக்கும்."*

அவர் ஒரு பழைய ஹெட்லைட் பல்பை எடுத்து வந்தார். ஒரு கம்பியைப் பேட்டரியிலும் இன்னொன்றைப் பெட்டியின் எர்த்திலும் வைத்தார். பல்புக்குள் இழை சிவப்பாக, பீடி நுனி போல இருந்தது. வெளிச்சமே இல்லை.

"அட," என்றார். ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

கார்பெட்டைத் தூக்கியதும் கீழே தகரம் முழுக்க, சாக்கிலிருந்து கசிந்த உப்புப் பூத்திருந்தது. போல்ட்டைச் சுற்றிச் செம்பு பச்சையாகப் பொங்கியிருந்தது. கம்பியை அவர் லேசாகத் தொட்டதும் ஓரிரு இழைகளைத் தவிர மற்றதெல்லாம் பொடியாக உதிர்ந்தது. வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுக் கம்பி முடிந்து, போல்ட்டை இறுக்கினார். பல்பை வைத்தார். எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டோம்.

நான் ஸ்கேனரைச் செருகினேன். இன்ஜின் பெட்டியைக் கூப்பிட்டேன்.

பதில் சொன்னது.

அந்தோணி அண்ணன் சாவியைத் திருப்பினார். வண்டி ஸ்டார்ட் ஆனது. அவர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். சர்தார் பாய் காரின் கூரையைத் தட்டி, "மறுபடியும் தண்ணி ஊத்திடாத, கண்ணத் தொடச்சுக்கோ," என்றார்.

*[இதுதான் நான் கல்லூரியில் மூன்று வருடம் படித்தது. அந்த மதியம்தான் புரிந்தது. இதை வேறு எங்கே சொல்வது என்று தெரியவில்லை.]

7

கதை இங்கே முடிந்திருக்கலாம். எழுதும்போது முடித்தும் விட்டேன். ஆனால் ஜெயகரன் சார் இன்னும் வரவில்லை.

வந்தால் கேட்பார், எதனால் என்று. துரு என்றால், துரு தண்ணியாலதானே என்பார். அந்தோணி அண்ணனுக்கு வேலை போகும். உண்மையைச் சொன்னால், தோலை அங்கே வைக்கச் சொன்னவர் அவர். ஷெட்டில் அத்தனை பேர் முன்னால் அது வெளியே வரும். அந்தோணி அண்ணனுக்கு இது எங்களுக்கு முன்பே புரிந்துவிட்டது.

"தோலுன்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க," என்றார். "சாருக்கு அசிங்கமாப் போய்டும். அப்புறம் நான் இருந்தும் பிரயோஜனம் இல்ல."

"அட இவன் ஒரு பேஜாருப்பா," என்றார் இஷ்தியாக் பாய். "அவருக்கு அசிங்கம் ஆவக் கூடாதுன்னு நீ வூட்டக் காலி பண்ணுவியா?"

அந்தோணி அண்ணன் கார்பெட்டை இழுத்து மறுபடி விரித்தார்.

ஜெயகரன் சார் வந்தார். கையில் புதுப் பெட்டியின் பார்சல், சீல் பிரிக்காமல். ஓடிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்து நின்றார்.

"பழைய பாக்ஸ் நல்லாதான் சார் இருக்கு," என்றார் இஷ்தியாக் பாய். "எர்த் கம்பி உளுத்துப்போச்சு. அவ்ளோதான்."

"தண்ணி அடிச்சானே, அதனாலதானே?"

யாரும் பேசவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

முதல் முடிவு: நான் சொல்கிறேன். கண்ணாடி அறையின் வாசலில் நின்று, ஸ்கேனரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. படித்த பெண் வாய் திறக்கிறாள். கதை படிப்பவர்களுக்குப் பிடிக்கும்.

இரண்டாவது முடிவு: சௌந்தர்யா சொல்கிறாள். கண்டுபிடித்தவள் அவள்தான். கைக்குட்டைக்குள்ளிருந்தே சொல்லக்கூடியவள்.

மூன்றாவது முடிவு: இஷ்தியாக் பாய் சொல்கிறார். சொன்னால் கம்பெனியின் வண்டிகள் எல்லாம் வேறு ஷெட்டுக்குப் போகும்.

நான்காவது முடிவு: அந்தோணி அண்ணன்—

[இதை எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். எழுதியதைப் பல முறை அடித்துத் திருத்தினேன். அதனால் இதுதான் உண்மை என்று நினைத்துவிடாதீர்கள். மற்ற மூன்றையும் அப்படித்தான் அடித்துத் திருத்தினேன்.]

யாரோ ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு நடந்தது எதையும் நான் மாற்றவில்லை.

ஜெயகரன் சார் பார்சலைத் தரையில் வைத்தார். காரின் இடது பக்கம் போனார். கதவைத் திறந்தார். வெள்ளைச் சட்டையோடு முழங்காலிட்டு, கால் வைக்கும் இடத்தில் தலையை விட்டு மோந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"எனக்கு ஒரு வாடையும் வரலையே," என்றார். கோபமாக இல்லை. நிஜமாகவே குழம்பியிருந்தார்.

"எனக்கும் வரல சார்," என்றார் அந்தோணி அண்ணன்.

"எனக்கும் வரல," என்றார் சர்தார் பாய்.

"எனக்கு இங்கயே வருது," என்றாள் சௌந்தர்யா, அறைக்குள்ளிருந்து.

முதலில் சிரித்தது இஷ்தியாக் பாய். சார் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே முழங்கால் தூசியைத் தட்டினார். தட்டி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பார்சல திருப்பி அனுப்பிடுங்க பாய்," என்றார். "வண்டிய எடு அந்தோணி. நேரமாச்சு."

அன்று அவர் பின்னால் உட்காரவில்லை. முன்னால், அந்த இடத்தில் கால் வைத்து உட்கார்ந்து போனார்.

8

அந்தோணி அண்ணன் இன்னும் அந்தக் கம்பெனியில்தான் இருக்கிறார். போன மாதம்கூட ஆயில் மாற்ற வந்தார். அவருக்கு மேனேஜரும் இன்னும் ஜெயகரன் சார்தான். அதனால்தான் யார் சொன்னது என்று எழுத மாட்டேன். சிரித்துவிட்டுப் போன ஒரு விஷயத்தைக் கதையில் அச்சாகப் பார்த்தால், யாருக்கும் மறுபடி சிரிப்பு வருமா என்று தெரியவில்லை.

சார், நீங்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும். உங்களைத் தலைகுனிய வைக்க இதை எழுதவில்லை. நீங்கள் முழங்காலிட்டு மோந்து பார்த்தீர்கள். நம்பாமல் இருந்திருக்கலாம். கத்தியிருக்கலாம். நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் நீங்களும் ஒருவர்.

மற்றவர்களுக்கு: முடிவை நான் கொடுக்கவில்லை. அந்த ஷெட்டில் ஒருவர் வாய் திறந்தார். அவருக்கு இழக்க ஏதோ ஒன்று இருந்தது. பயந்தார், ஆனாலும் சொன்னார். அது நான் என்று நீங்கள் நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும், மறுக்க மாட்டேன். சௌந்தர்யா என்றால் அவள் சந்தோஷப்படுவாள்.

அதைவிட, உங்கள் வாழ்க்கையில் உங்களுக்காக யாரோ ஒருவர் ஒருமுறை இப்படிப் பேசியிருப்பார். பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், கம்பெனியில், வீட்டில். நீங்கள் அவருக்கு நன்றி சொல்லாமலே வந்திருப்பீர்கள். அவர் பெயரை இங்கே போட்டுக்கொள்ளுங்கள். வாக்கியத்தை நான் எழுதி வைத்திருக்கிறேன், பெயருக்கு மட்டும் இடம் விட்டு.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பேசவில்லை. ஒரு எட்டு முன்னால் வந்து, ................ சொன்னார்:

"தண்ணி இல்ல சார். தோல்."